விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி உமிழும் அதீதப் புறஊதா ஒளியை எப்படி அளக்கிறார்கள்?

சூரியனைச் சுற்றியுள்ள விண்மீனிடை வெளியிலிருந்து பரவலாக வரும் அதீதப் புறஊதா ஒளியை அளக்க முடியுமா, அளந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆந்திர எல்லையில் சூலூர்பேட்டையில் இயற்பியல் நடத்துகிறவன் நான். என் மாணவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

மார்கழி விடியலில், பழவேற்காடு ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் பனி மூடியிருக்கும்போது நின்றால், கண்ணில் படும் வெளிச்சம் எதுவானாலும் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 912 ஆங்ஸ்ட்ராமுக்குக் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) குறைந்த அதீதப் புறஊதா அலைநீளங்களில் நடுநிலை ஹைட்ரஜன் அந்தப் பனியைப் போலத் தொலைவின் ஒளியை விழுங்கிவிடுகிறது. ஆகவே, சூரியனைச் சூழ்ந்து சில நூறு ஒளியாண்டு பரந்திருக்கும் 'உள்ளூர்க் குமிழி'யில் பத்து லட்சம் டிகிரி வெப்பமுள்ள வாயு நிறைந்திருக்கிறதா என்று அறிய இந்த ஒளி நல்ல சாட்சி.

சிக்கல், அதைவிட அருகிலிருக்கும் ஒளிதான். பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனும் ஹீலியமும், சூரியக் குடும்பத்தினூடே பாயும் ஹீலியமும் சூரிய ஒளியைச் சிதறடித்து 1216, 584, 304 ஆங்ஸ்ட்ராம்களில் பளிச்சிடுகின்றன. இவற்றைத் தடுக்க உணரிக்கு முன்னால் மெல்லிய உலோகப் படலம் வைக்கிறார்கள். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளின் கனத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் இருக்கும் அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், 1216 ஆங்ஸ்ட்ராம் ஒளி புகுந்து அளவையே கெடுத்துவிடும். விண்மீனின் ஒளியைப் போல இதை ஒரு புள்ளியில் குவிக்கவும் முடியாது. உணரி முழுவதும் பரவிக் கிடக்கும் சொற்ப எண்ணிக்கையிலிருந்து மின்னூட்டத் துகள்களின் இரைச்சலைக் கழிக்க, மாதக்கணக்கில் பதிவு சேர்க்க வேண்டியிருக்கிறது.

2003 ஜனவரியில் ஏவப்பட்ட, பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரின் 'சிப்ஸ்' செயற்கைக்கோள் 90 முதல் 260 ஆங்ஸ்ட்ராம் வரை இப்படித்தான் அளந்தது. 171 ஆங்ஸ்ட்ராமில் பிரகாசமாகத் தெரியும் என்று எதிர்பார்த்த, வெப்ப வாயுவிலுள்ள இரும்பு அணுக்கள் உமிழும் நிறமாலைக் கோடு மிக மிக மங்கலாகவே இருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த மங்கல்தான் பெரிய கண்டுபிடிப்பு: இரும்பு தூசியில் அடைபட்டிருக்கலாம், அல்லது வெப்ப வாயுவே நினைத்த அளவுக்கு இல்லாமல் இருக்கலாம். 2012 டிசம்பரில் பறந்த 'டிஎக்ஸ்எல்' ஆய்வு ராக்கெட், குமிழியின் வெப்ப வாயுவிலிருந்து வருவதாகக் கருதிய மென் எக்ஸ்கதிர்ப் (குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ்கதிர்) பின்னணியில், பால்வெளித் தளத்தின் திசையில், சுமார் 40 சதவீதம் சூரியக் காற்று நடுநிலை அணுக்களோடு மோதுவதால் சூரியக் குடும்பத்துக்குள்ளேயே பிறக்கிறது என்று காட்டியபின், குமிழியின் வெப்ப வாயுவுக்கு உரிய பங்கு இன்னும் சுருங்கியது.

2015 செப்டம்பர் 28 காலை, இந்திய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டைச் சுமந்த ராக்கெட் எழும்பியதைப் பள்ளி மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது, அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கி இந்த ஒளியை அளக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். அளக்காது என்றேன்: அதன் பார்வை 1300 ஆங்ஸ்ட்ராமில்தான் தொடங்குகிறது, உணரியை மூடியிருக்கும் மெக்னீசியம் புளோரைடு தகடு அதீதப் புறஊதாவை உள்ளே விடாது.