கிணற்றில் பாதரசம்: கொட்டாங்குச்சிக் கரி போதுமா?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தாத்தா காலத்தில் கொல்லையில் பட்டறை வைத்து, கோயில் கலசங்களுக்கு ரசம், அதாவது பாதரசம், சேர்த்துப் பொன்முலாம் பூசுவார்கள். பட்டறை நின்று நாற்பது வருடம் ஆகிறது. போன மாதம் கிணற்று நீரைச் சோதித்தோம், லிட்டருக்கு 0.004 மி.கி. பாதரசம் என்று வந்தது. கொட்டாங்குச்சிக் கரியில் வடிகட்டினால் போதும் என்கிறார் நண்பர். கந்தகம் ஏற்றிய கரிதான் வேண்டும் என்று பெரிய விலை சொல்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள்: சோதனைக்கு எந்தப் பாட்டிலில் நீர் பிடித்தீர்கள்? பாதரசத்துக்குக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, உடனே சில சொட்டு நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். சாதாரண தண்ணீர்ப் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் கழித்துக் கொடுத்திருந்தால், ஒரு பங்கு பாட்டில் சுவரிலேயே ஒட்டிப்போயிருக்கும். கிணற்றில் உள்ள அளவு சோதனைத் தாளில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆய்வகத்தில் முறையான பாட்டில் வாங்கி, இன்னொரு முறை சோதியுங்கள்.

குடிநீரில் 0.001 மி.கி. வரைதான் இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தரம். உலக சுகாதார நிறுவனம் கனிமப் பாதரசத்துக்கு 0.006 வரை விடுகிறது. உங்கள் கிணறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பதற வேண்டாம். குளிக்க, துவைக்கப் பயன்படுத்துங்கள். குடிக்கவும் சமைக்கவும் இப்போதைக்குக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். காய்ச்சிக் குடிக்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், பாதரசம் சாகாது.

சரி, கரிக்கு வருவோம். நன்றாகத் தயாரித்த கொட்டாங்குச்சி ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு கூட இருக்கும். நிறம், வாடை, குளோரின் எல்லாம் அதில் அருமையாகப் போகும். பாதரசமும் கொஞ்சம் ஒட்டும், ஆனால் பிடி தளர்வு. அதிலும் நம் பகுதி நிலத்தடி நீரில் உப்பு ஏறினால் குளோரைடு பாதரசத்தோடு சேர்ந்துகொள்ளும். வெறும் கரியின் பிடி இன்னும் தளரும். நண்பர் சொல்வது அடுப்புக் கரி என்றால் அந்தப் பரப்புகூடக் கிடைக்காது.

கந்தகம் அப்படியில்லை. சித்த மருந்து செய்பவர்கள் ரசத்தையும் கந்தகத்தையும் கல்வம் என்ற மருந்தரைக்கும் கல்லில் இட்டு அரைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டு ஓடும் ரசம் அரைக்க அரைக்கப் பளபளப்பு இழந்து மை மாதிரி கறுத்துவிடும். அந்தப் பிணைப்பைத்தான் கரியின் துளைகளுக்குள் நடத்துகிறோம். காற்றுப் புகாத உலையில், நானூறு டிகிரிக்கு மேல் கரியையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றினால், கந்தகம் துளைகளுக்குள் போய்க் கரியோடு பிணையும். வீட்டில் முயலவே வேண்டாம்: கிளம்பும் கந்தகப் புகை மூச்சை அடைத்துவிடும்.

கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, இது வாயுவுக்கா, தண்ணீருக்கா? புகைபோக்கிப் புகையிலும் இயற்கை எரிவாயுவிலும் பாதரசம் பிடிக்கவும் கந்தகம், அயோடின், புரோமின் ஏற்றிய கரிகள் விற்கின்றன. அயோடின், புரோமின் சரக்கு நீரில் கரைந்து வெளியே வரும்; அது உங்களுக்கு ஆகாது. இரண்டாவது, ‘ஒரு கிராம் 200 மி.கி. பிடிக்கும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், எவ்வளவு பாதரசம் உள்ள நீரில் சோதித்தார்கள்? இந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் லிட்டருக்குப் பல மில்லிகிராம் கலந்த ஆய்வக நீரில் வருபவை. உங்கள் நீரில் உள்ளது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அங்கே காட்டும் சாமர்த்தியத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் வேகம். கரிப் படுகையில் நீர் பத்து நிமிடமாவது தங்கட்டும். ஒரு லிட்டர் கரி போட்ட குழாய் என்றால் நிமிடத்துக்கு 100 மி.லி.; அதாவது 200 மி.லி. டம்ளர் நிறைய இரண்டு நிமிடம். நூல் மாதிரி ஒழுகும், கடுப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வேண்டிய இருபது லிட்டருக்கு மூன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும்; இரவில் திறந்துவிட்டுப் படுங்கள். கிணற்றிலிருந்து பிடித்த நீர் சற்று நேரத்தில் செம்மண் நிறமாக மாறினால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். முதலில் மணல் வடிகட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் கரி அடைத்துக்கொள்ளும்.

ஆர்.ஓ. வைக்கலாமா என்றும் கேட்பீர்கள். பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் அதன் கழிவு நீரைக் கொல்லை வாழைக்கு விட்டால், எடுத்த பாதரசம் அதே மண்ணுக்குத் திரும்பும்.

இதையெல்லாம்விட முக்கியம் பட்டறைத் தரை. அங்கே மண்ணில் ரசமணி தென்பட்டால் விளக்குமாறு போடாதீர்கள், சிதறி ஆவியாகும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம். கையுறை போட்டு, இரண்டு அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் சொல்லி மண்ணையும் சோதிக்கச் செய்யுங்கள். மண்ணை விட்டுவிட்டு நீரை மட்டும் வடிகட்டினால், கிணறு மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

கரியை இரண்டு குழாயாக வரிசையில் வைத்து, முதல் குழாயிலிருந்து வரும் நீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். 0.001ஐத் தொட்டதும் முதலாவதை எடுத்துவிட்டு, இரண்டாவதை அதன் இடத்துக்கு நகர்த்துங்கள். எடுத்த கரியை அடுப்பில் போடக் கூடாது, குப்பைக் குழியிலும் கொட்டக் கூடாது. சூடு பட்டால் பிடித்த ரசம் ஆவியாகி வீட்டுக்குள்ளேயே வரும். இறுக மூடிய டப்பாவில் வைத்து, விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வதாக வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். அதற்கு ஒப்பாதவரிடம் கரி வாங்காதீர்கள்.