பல் கிளீனிங்கில் லேசர்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: வழக்கமான பல் கிளீனிங்குக்குப் போயிருந்தேன். "லேசரில் செய்துவிடலாம், வலிக்காது, கிருமியெல்லாம் செத்துவிடும்" என்றார்கள். கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாமல் வந்தது நல்லது. எந்த லேசர், அதை வைத்து என்ன செய்வார்கள் என்று முதலில் கேளுங்கள்.

பல் கிளினிக்குகளில் அதிகம் புழங்குவது டயோடு லேசர். அதன் ஒளியை, அதாவது சுமார் 810 முதல் 980 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தை, ரத்தமும் நிறமிகளும் நன்றாக உறிஞ்சும். அதனால் ஈறில் சின்னச் சின்ன வெட்டு வேலைகளுக்கும் ரத்தக் கசிவை நிறுத்தவும் அது கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் பல்லில் ஒட்டியிருக்கும் காறையை அதனால் எடுக்க முடியாது. காறை என்பது பல்லில் படியும் அழுக்குப் படலம், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிப்போனது. அதைப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது, பெரும்பாலும் நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரும் டாக்டர் கையில் இருக்கும் சுரண்டும் கருவிகளும்தான். டயோடு வைத்திருக்கும் இடத்தில் 'லேசர் கிளீனிங்' என்றால், வழக்கமான ஸ்கேலிங்கை, அதாவது காறையைப் பெயர்த்தெடுப்பதை, முடித்துவிட்டு ஈறு ஓரமாக லேசரை ஓட்டுவது என்று அர்த்தம். கூடுதல் காசு அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்கு.

காறையையே எடுக்கக்கூடிய லேசரும் உண்டு. எர்பியம் யாக் என்று பெயர், அலைநீளம் 2940 நானோமீட்டர். தண்ணீர் அந்த ஒளியை வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் காறை சிதறி உதிரும். கருவி விலை அதிகம், எல்லா இடத்திலும் இருக்காது. இருந்தாலும், சாதாரண ஸ்கேலிங்கைவிட முடிவு தெளிவாக மேலானது என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை.

கிருமி சாகும் என்பது பொய்யில்லை. ஆனால் வாய் என்பது கிருமிகள் குடியிருக்கும் இடம். சீக்கிரமே திரும்பி வந்துவிடும். ஈறு நோய்க்கு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்யும் ஆழமான ஸ்கேலிங்கைத்தான் அடிப்படைச் சிகிச்சையாக வைத்தது.

உங்களுக்குத் தேவையா என்பதை அறிய ஒரு அளவு இருக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் 3 வரை இருந்து, ரத்தமும் கசியவில்லை என்றால் லேசருக்கு வேலையே இல்லை. 4, 5 என்று ஏறினால் ஈறு நோய்ச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். அப்போதும் லேசர் துணைக்கு வருவதுதான், ஸ்கேலிங்குக்கு மாற்று கிடையாது. வலிதான் பயம் என்றால் மரத்துப்போகும் ஊசியோ ஜெல்லோ கேளுங்கள், அதுவே போதும்.

அப்புறம், லேசருக்குச் சம்மதித்தால், அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியை உங்களுக்கும் மாட்டிவிட வேண்டும். அது இல்லாமல் லேசரை ஆன் செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். லேசரில் அந்தப் பிரச்சினை இல்லையாமே?

பதில்: சந்து ஏற்கெனவே இருந்தது, காறை அதை அடைத்துக்கொண்டிருந்தது. வீங்கிய ஈறும் வற்றுவதால் இன்னும் பளிச்சென்று தெரியும். பல் ஆடுகிறது என்றால், ஈறு நோயால் எலும்பு கரைந்து பிடிமானம் முன்பே போயிருக்கும். எந்தக் கருவியால் எடுத்தாலும் இதே கதைதான். சில நாள் கூச்சம் இருக்கலாம், பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும்.

கேள்வி: லேசர் கிளீனிங்கில் பல் வெள்ளையாகுமா?

பதில்: ஆகாது. டீ, காபி, புகையிலைக் கறை போகும், அதுவும் ஸ்கேலிங்காலும் பாலிஷாலும். பல்லின் நிறத்தையே மாற்றுவது பெராக்சைடு ஜெல் பூசும் வேறொரு சிகிச்சை. 'லேசர் வொய்ட்னிங்' என்று விற்பதிலும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்த ஜெல்தான். கேப், ஃபில்லிங் எல்லாம் அதில் நிறம் மாறாது. முன்பல்லில் அப்படி ஏதாவது இருந்தால் பணம் கட்டும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.