பதில்: புத்தர் உருவத்தைத் தேட வேண்டாம்

வணக்கம். 1970-களில் சோவியத் அரசின் ஏற்பின்றி மறைவாக இயங்கிய மாஸ்கோ தலைமறைவுக் கலையில் புத்தர் உருவமோ தாமரையோ அகப்படவில்லை என்பதால் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கைவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கைவிடாதீர்கள். பௌத்தம் அங்கே உருவமாக அல்ல, பார்வையாளர் காத்திருக்கும் விதமாகவே வந்து சேர்ந்தது என்பது என் உறுதியான கருத்து.

1976 மார்ச் 13 அன்று மாஸ்கோவின் இஸ்மாயிலோவோ திடலில் 'கூட்டுச் செயல்கள்' என்ற கலைஞர் குழுவினர் நடத்திய 'தோற்றம்' என்ற நிகழ்வைப் பாருங்கள். அழைக்கப்பட்டவர்கள் பனிவெளியின் ஓரத்தில் நின்றிருக்க, எதிரே இருந்த காட்டிலிருந்து இருவர் வெளிப்பட்டு, வெளியைக் கடந்து நடந்து வந்து, நிகழ்வைக் கண்டதற்கான சான்றுச் சீட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள், நடந்தது அவ்வளவுதான். குழுவின் மையமாக இருந்த அந்திரேய் மொனஸ்தீர்ஸ்கி 'வெற்றுச் செயல்' என்று பெயரிட்டு விளக்கியது இத்தகைய காத்திருப்பைத்தான். ஜென் என்ற பௌத்தப் பிரிவின் சிந்தனை அவரை நேரடியாகவும், இசையமைப்பாளர் ஜான் கேஜ் வழியாகவும் எட்டியது. ஆயினும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத் துறவு மரபும் அவரை ஆழமாகப் பாதித்தது என்பதால், எல்லாவற்றையும் பௌத்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பௌத்தத்தை அங்கே வெறும் நூலறிவாகக் கருதுவதும் தவறு. சைபீரியாவின் புரியாத்தியப் பகுதியைச் சேர்ந்த பௌத்த ஆசான் பிதியா தந்தரோன் தம் பௌத்தப் பணிக்காக 1972-இல் கைதாகி, 1974-இல் சிறை முகாமிலேயே இறந்தார். உங்கள் இயலை அவரிடமிருந்து தொடங்கலாம்.