கம்பியின் மேல் போகும் காற்று: ஹீட்டர் கேள்வி பதில்

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஹீட்டர் கம்பி சுற்றும் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தவன் நான். சிறிய ஹீட்டர்களில் காற்றை எப்படிச் செலுத்துவது என்பது பற்றி வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

தண்டையார்பேட்டை டிப்ளமோ மாணவர்: வேப் கருவியின் (மின்சிகரெட்டின்) ஹீட்டரில் காற்றோட்டம் என்பதைச் செமினாருக்கு எடுத்திருக்கிறேன். அதில் காற்றுக்கு என்ன வேலை?

தம்பி, அதில் இருக்கும் திரவம் பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. முன்னது 188 டிகிரியிலும் பின்னது 290 டிகிரியிலும் கொதிக்கும். திரவம் ஊறிய திரியைக் ‘காயில்’ எனப்படும் சுருள் கம்பி சுடும்போது வெளிவரும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்று அதனுடன் கலந்தபின்தான் அது நுண்துளிகளாக மாறி வெண்மையாகத் தெரிகிறது. ஆகவே அது புகையும் அன்று, நீராவியும் அன்று. மார்கழிக் காலைப் பனிமூட்டத்தைப் போன்ற துளிக்கூட்டம். காயிலின் மேல் தேங்கும் ஆவியை அகற்றுவதும், அதைக் குளிரவைத்துத் துளியாக்குவதும் காற்றின் வேலைகள்.

காயிலைக் குளிர்விப்பதும் காற்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சோதனைக்கூடங்களில் ஒரு இழுப்பு என்பது 3 விநாடியில் 55 மில்லிலிட்டர் காற்று. அதாவது விநாடிக்குச் சுமார் 18 மில்லிலிட்டர், எடையில் 0.022 கிராம். அந்தக் காற்று 100 டிகிரி சூடானாலும் எடுத்துச்செல்லும் வெப்பம் 2 வாட்டுக்குச் சற்று மேல்தான். 10 வாட் காயிலில் மீதி வெப்பத்தில் பெரும்பங்கை, ஆவியாகும் திரவமே வாங்கிக்கொள்கிறது. திரி உலர்ந்துவிட்டால் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. கம்பியின் வெப்பநிலை சட்டென்று ஏறி, பஞ்சு கருகி, கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. காற்றுவழியை எவ்வளவு அழகாக அமைத்தாலும் திரிக்குத் திரவம் வந்துசேரும் வேகம் குறைவாக இருந்தால் அதனால் பயனில்லை என்பதைச் செமினாரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் வாசகர்: அப்படியானால் காற்றுத் துளையைப் பெரிதாக்கினால் போதாதா?

துளையின் விட்டம் இரு மடங்கானால் அதே காற்றை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 1 மில்லிமீட்டர் துளை வழியாக மேற்சொன்ன இழுப்புக்கு ஏறத்தாழ 900 பாஸ்கல், அதாவது ஒன்பது சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு அழுத்தம் வேண்டும்; 2 மில்லிமீட்டர் துளைக்கு 60 பாஸ்கல்கூட வேண்டியதில்லை. எனவே துளையில் செய்யும் சிறு மாற்றமும் இழுப்பவருக்கு உடனே தெரியும். இழுத்தவுடன் தானாக இயங்கும் கருவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தக் குறைவை உணர்ந்து மின்சாரத்தைத் திறந்துவிடும் உணரி, துளை மிகப் பெரிதானால் இழுப்பை உணராமலே போய்விடும்.

துளையின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்பது என் கருத்து. 1.5 மில்லிமீட்டர் குழாயில் இந்தக் காற்று விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போகிறது. ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் இதற்கு ஆயிரத்தை ஒட்டியே இருக்கும். கொந்தளிப்பு தொடங்க இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். ஆகவே காற்று அடுக்கடுக்காக நழுவிச் செல்லுமே தவிரத் தானாகக் கலக்காது. எதிரே காயில் இருந்தால், எளிதான பக்கமாக விலகி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். காற்று படாத மறுபக்கத்தில் ஆவி தேங்கிச் சூடு கூடும். இதைத் தவிர்க்கக் காயிலுக்கு நேர் கீழே துளையை வைத்து, சுற்றிலும் உள்ள இடைவெளியைச் சுருக்குவார்கள். அல்லது இரண்டு சாய்வான பிளவுகள் வழியே காற்றைச் சுழலவிடுவார்கள். ஆனால் சுழலிலும் வளைவிலும் பெரிய துளிகள் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். களகளவென்று சத்தம் வருகிறது என்று சொல்வார்களே, அதற்கு அப்படி வழிந்து தேங்கும் நீர்மமும் ஒரு காரணம்.

கொடுங்கையூர் வாசகர்: இப்படி மேம்படுத்திய ஹீட்டரை இங்கே செய்து வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கூடாது. 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுக்கிறது. நிகோடின் இல்லாத கருவியும் அதில் அடங்கும், உதிரிபாகம் செய்வதும் தயாரிப்பாகவே கொள்ளப்படும். முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: என் மகனின் பையில் பென் டிரைவ் போன்ற ஒன்று கிடைத்தது. காற்றுத் திறப்பை முழுவதும் திறந்துவைத்தால் கெடுதல் இல்லை என்கிறான். உண்மையா?

உண்மை இல்லை, அம்மா. திறப்பைத் திறந்தால் ஒரு வாய்க் காற்றில் துளிகளின் அடர்த்தி குறையும், அவ்வளவுதான். தொண்டையில் உறைப்புக் குறைவதால் பிள்ளைகள் இன்னும் நீளமாக இழுப்பார்கள், உள்ளே போகும் மொத்த அளவு குறைவதற்கு உறுதி ஏதும் இல்லை. நிகோடினுக்கு அடிமையாக்கும் தன்மை உண்டு; இளம் மூளையை அது இன்னும் எளிதில் பிடித்துக்கொள்ளும். அவனைத் திட்டுவதற்கு முன், 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்தல் இலவச எண்ணில் பேசிப் பாருங்கள்.

இராயபுரம் செல்போன் பழுதுபார்ப்பவர்: என் ஹாட் ஏர் கருவியில் எலிமெண்ட் அடிக்கடி அறுந்துபோகிறது. மட்டமான கம்பிதான் காரணமா?

கம்பியைப் பழிக்குமுன் காற்றைப் பாருங்கள். 700 வாட் ஹீட்டரின் வழியே நிமிடத்துக்கு 120 லிட்டர் காற்று போனால், அந்தக் காற்று சுமார் 290 டிகிரி சூடேறும். உள்ளிழுக்கும் வலையில் தூசி அடைத்தோ, மிகச் சிறிய நாசில் மாட்டியோ காற்று பாதியானால் 580 டிகிரி ஏறும். கம்பி அதைவிட வெகு சூடாக இருக்கும். உங்கள் பகுதியில் உப்புக்காற்றும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புழுதியும் சேர்ந்து வலையில் பசைபோல அப்பிக்கொள்வதால், வாரம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை நேராக அணைக்காமல், கைப்பிடியைத் தாங்கியில் வைத்து, விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள்.

காசிமேடு கருவாட்டு வியாபாரி: மழைக்காலத்துக்காக ஹீட்டர் வைத்த உலர்த்தும் பெட்டி செய்தேன். ஹீட்டருக்கு அருகில் உள்ள மீன் மேலே கட்டியாகி உள்ளே ஈரமாகவே இருக்கிறது. என்ன செய்வது?

ஐயா, அங்கே சூடு அதிகம். மேல்தோல் முதலில் இறுகிவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழி அடைபட்டுவிடும். 50 டிகிரியைத் தாண்டினால் சதை வெந்து உதிரவும் செய்யும். விசிறியை ஹீட்டருக்கு முன்னால் வைத்து, சூடான காற்று நேராக மீன்மேல் படாதபடி நடுவில் துளையிட்ட தகடு ஒன்றை நிறுத்துங்கள். எல்லாத் தட்டுக்கும் காற்று ஓரளவு சமமாகப் பிரியும். எதிர்ப்பக்கம் மேலே ஈரக் காற்று வெளியேற ஒரு வழி விடுங்கள்; ஐப்பசி கார்த்திகையில் அந்த வழி அடைபட்டிருந்தால், உள்ளே சுற்றுவது மீன் விட்ட ஈரமேதான். மீன் வைப்பதற்கு முன், ஹீட்டரைப் போடாமல் விசிறியை மட்டும் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு தட்டின் மேலும் ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை நகராமல் நிற்கும் தட்டுக்கு நேராகத் தகட்டில் இன்னும் இரண்டு துளை போடுங்கள்.