ரெண்டு நாளும் 1 மீட்டர்தான், அப்புறம் ஏன் தூக்கி அடிச்சுது?

கேள்வி: சர்ஃபிங் ஆப்ல சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அலை 1 மீட்டர்னுதான் போட்டிருந்துச்சு. சனிக்கிழமை சும்மா சலசலன்னு கெடந்துச்சு, ஞாயிறு போனா போர்டோட சேத்து சுருட்டிப் போட்டுருச்சு. இதை நம்பலாமா வேணாமா?

பதில்: நம்பலாங்க, ஆனா நீங்க உயரத்தை மட்டும் பாத்துட்டு கெளம்பியிருக்கீங்க. பக்கத்துலயே செகண்ட் கணக்குல பீரியட்னு (ஒரு அலை முகடு வந்து அடுத்தது வர்ற வரைக்கும் ஆகுற நேரம்) ஒரு நம்பர் இருக்கும், என்னைக் கேட்டா அதைத்தான் மொதல்ல பாக்கணும். 6 செகண்ட்னா பக்கத்துக் காத்து கெளப்புன அலை, ஆழ்கடல்ல ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் சுமார் 56 மீட்டர்தான், அதுவே 14 செகண்ட்னா எங்கயோ தூரத்துப் புயல்லேந்து வந்தது, இடைவெளி 300 மீட்டரைத் தாண்டும், ஆழம் கொறைய கொறைய அப்படியே எழும்பி நிக்கும். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு நடந்தது அநேகமா இதுதான்.

காத்து கரையிலேந்து கடல் பக்கமா லேசா அடிச்சா அலை வழவழன்னு இருக்கும், திரும்பி அடிச்சா நொறுங்கிரும்.

தண்ணிக்கடியில அலையை உடைய வைக்கிற மணல் திட்டு விஷயம் மட்டும் ஆப்ல கெடைக்காது. அது நகந்துகிட்டே இருக்கும், போன மாசம் அலை அழகா உடைஞ்ச எடத்துல இப்ப மொத்தமா ஒரேயடியா விழும், ஓதம் ஏறி இறங்குனாலும் மாறும். அதனால 20 நிமிஷம் கரையில உக்காந்து பாருங்க, பெரிய அலைங்க கூட்டமாத்தான் வரும். ரெண்டு பக்கமும் நுரை, நடுவுல மட்டும் அலை உடையாம கலங்கலா ஒரு பட்டை தெரிஞ்சா அது அமைதியான எடம் இல்ல, கடலுக்குள்ள இழுக்குற நீரோட்டம்.