ஃபேர்மைல் பீரங்கிப் படகு: வாசகர் கேள்வி - பதில்

வார் தண்டர் என்ற கம்ப்யூட்டர் போர் ஆட்டத்தில் பிரிட்டிஷ் கரையோரப் படகுகளைப் பற்றி கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஃபேர்மைல் டி பற்றியவையே அதிகம். கொஞ்சம் பெரிதாகவும் மெதுவாகவும் இருக்கிற, துப்பாக்கி நிறைய சுமக்கிற படகு அது. அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: ஜெர்மன் எஸ்-போட்டைப் பார்த்ததும் முழு வேகத்துல துரத்துறேனுங்க. கிட்டப் போகவே முடியறதில்ல. அது திரும்பி அடிச்சா நம்ம கதை முடிஞ்சுது. படகே இப்படித்தானுங்களா?

துரத்துவதை விட்டுவிடுங்கள். இந்தப் படகு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. நிஜ ஃபேர்மைல் டி 115 அடி நீளம், ஏறக்குறைய 100 டன் எடை. தலா 1,250 குதிரைத்திறன் கொண்ட நான்கு பேக்கார்ட் பெட்ரோல் என்ஜின்கள் இருந்தும், சுமை ஏறினால் 30 நாட் பக்கம்தான் ஓடும். ஜெர்மன் டார்பிடோப் படகான எஸ்-போட் மூன்று டீசல் என்ஜின்களோடு 40 நாட்டை ஒட்டிப் போகும். இந்த வித்தியாசம் ஆட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாட் என்றால் விநாடிக்கு சுமார் 15 மீட்டர், 40 நாட் என்றால் 20 மீட்டருக்குச் சற்று மேல். கைப்பற்ற வேண்டிய இடம் 4 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் எஸ்-போட் ஏறக்குறைய 3 நிமிடம் 15 விநாடியில் அங்கே நிற்கும். உங்களுக்கு 4 நிமிடம் 20 விநாடி ஆகும். ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்திப் போய், துப்பாக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருப்பவன் எதிரிலேயே நுழைகிறீர்கள். அதனால்தான் அடி வாங்குகிறீர்கள்.

முதல் ஓட்டத்தை உங்கள் அணியின் 70 அடிப் படகுகளுக்கு விட்டுக்கொடுங்கள். வரைபடத்தில் தீவுகளுக்கு நடுவே இட்டேரி மாதிரி குறுகிப் போகும் நீர்ப்பாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடத்தைப் பிடித்த எதிரி அடுத்த இடத்துக்குப் போக அந்த வழியில்தான் வந்தாக வேண்டும். பாதையின் வாயிலுக்குப் பக்கவாட்டில், கரையின் மறைவில், பக்கத்தைக் காட்டி நில்லுங்கள். வெளியே வருகிறவனுக்குத் தன் முன் துப்பாக்கி மட்டும்தான் உதவும். உங்களுக்கு முன்னும் பின்னும் எல்லாமே சுடும். 1944-இல் அட்ரியாடிக் கடலில் விஸ் தீவைத் தளமாக வைத்துக்கொண்ட நிஜ ஃபேர்மைல்களும் இப்படித்தான் வேட்டையாடின. தீவுகளின் நிழலில் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன.

பல்லடம் வாசகர்: ஆர்கேடுல குறி காட்டுற இடத்துல சுட்டா விழுது. ரியலிஸ்டிக் போனா ஒரு குண்டும் படமாட்டேங்குது. எவ்வளவு முன்னாடி சுடறதுங்க?

எதிரிப் படகின் நீளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-போட் 35 மீட்டர் நீளம். அது உங்களுக்குக் குறுக்கே 35 நாட்டில் ஓடினால் விநாடிக்கு 18 மீட்டர் நகரும். 1 கிலோமீட்டர் போக உங்கள் 40 மில்லிமீட்டர் குண்டுக்கு ஏறக்குறைய 2 விநாடி ஆகும். அதற்குள் எதிரி 36 மீட்டர் போயிருப்பான். ஆகவே 1 கிலோமீட்டரில் நடு உடலிலிருந்து ஒரு படகு நீளம், அதாவது மூக்குக்கு முன்னால் அரைப் படகு நீளம் தள்ளிச் சுட்டால் குண்டு நடு உடலை ஒட்டி விழும். 500 மீட்டரில் நடு உடலிலிருந்து அரை நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது மூக்கை ஒட்டிச் சுட்டால் போதும். நேராக வருகிறவனுக்கும் நேராக விலகிப் போகிறவனுக்கும் முன்தள்ளல் வேண்டாம், தூரத்தை மட்டும் சரிசெய்யுங்கள். 1.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சிறு படகைச் சுட வேண்டாம். குண்டு காற்றில் இருக்கும் நேரத்துக்குள் அவன் சுக்கானைத் திருப்பிவிடுவான்.

இரண்டாவது காரணம் உங்கள் படகின் ஆட்டம். முழு வேகத்தில் அலை மேல் ஏறி இறங்கும்போது முன் துப்பாக்கி மேலும் கீழும் குதிக்கும். கூர்மையாகத் திரும்பினால் படகு சாயும், எல்லாத் துப்பாக்கிகளும் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் தண்ணீரையும் பார்க்கும். சுடத் தொடங்கும் முன்பே வேகத்தை ஒரு படி இறக்கி, சுக்கானை நேராக்குங்கள். ஐந்தாறு விநாடி நேர்கோட்டில் போய்ச் சுட்டுவிட்டு உடனே கோணத்தை மாற்றுங்கள். நிற்காமல் வளைந்துகொண்டே சுடுகிறவர்கள் வெடிமருந்தைத்தான் தீர்க்கிறார்கள்.

மூன்றாவது, இடைவெளி. 20 மில்லிமீட்டர் ஓர்லிக்கான் துப்பாக்கியின் உருளையில் 60 குண்டு. நிமிடத்துக்கு 450 என்ற வேகத்தில் பொத்தானை அழுத்தியே வைத்தால் 8 விநாடியில் காலி, பிறகு உருளை மாற்றும்வரை காத்திருக்க வேண்டும். எதிரி 800 மீட்டருக்குள் வரும்வரை அதைத் தொடாதீர்கள். தூரத்தில் பாம்பாம் என்கிற முன்பக்க 40 மில்லிமீட்டர் துப்பாக்கியும் பின்பக்க 6 பவுண்டர் பீரங்கியும் போதும். தானாகச் சுடும் துப்பாக்கிகளை விமானத்துக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள். மறைந்து நிற்கும்போது அவை எதையாவது பார்த்துச் சுட்டு உங்கள் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எந்தக் கோணத்தில் பின் பீரங்கியும் சேர்ந்து சுடும் என்பதைச் சண்டையில் கற்க வேண்டாம். சோதனை ஓட்டத்தில் நிற்கும் ஒரு கப்பலைக் குறிவைத்துக்கொண்டு படகை மெதுவாக ஒரு வட்டம் திருப்புங்கள். குறிக் கண்ணாடியில் ஒவ்வொரு துப்பாக்கியின் அடையாளமும் எப்போது சேர்கிறது, எப்போது மறைகிறது என்று தெரியும். அந்தக் கோணத்தை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெருந்துறை வாசகர்: தீப் பிடிச்சதும் தீயணைப்பு, பழுது, தண்ணி எறைக்கிறது மூணையும் ஒட்டுக்கா அமுத்திடறேனுங்க. அப்படியும் ஆளெல்லாம் செத்துப் போயிடறாங்க.

அந்த ஒட்டுக்காதான் தவறு. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் இருக்கிற ஆட்கள் பிரிந்துபோவார்கள், ஒன்றும் சீக்கிரம் முடியாது. இந்தப் படகில் எப்போதும் தீ முதலில். தீ எரிகிற ஒவ்வொரு விநாடியும் ஆள் குறைகிறது, வெடிமருந்து அறையை நெருங்கினால் படகே போய்விடும். தீ அணைந்த பிறகு படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சாய்வு கூடிக்கொண்டே போனால் தண்ணீர் வெளியேற்றம், இல்லையென்றால் பழுது. நின்றுபோன என்ஜினை எதிரியின் கண்ணெதிரே சரிசெய்வது வீண், அதே இடத்தில் மறுபடி அடி விழும். முதலில் புகையைப் போட்டு, மிச்ச வேகத்தில் கரை மறைவுக்குப் போய்விட்டுத் தொடங்குங்கள்.

குண்டை முழுக் கொள்ளளவுக்கு ஏற்றுவதும் கூடாது. ஒரு சண்டை முடிந்ததும் எவ்வளவு மிச்சம் என்று இரண்டு மூன்று தடவை கவனித்து, அந்த மிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். அறையில் குறைவாக இருந்தால் வெடிக்கும் வாய்ப்பும் குறைவு.

பொள்ளாச்சி வாசகி: நிஜத்திலும் இந்தப் படகு இவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்குமா? பிரிட்டிஷ்காரர்கள் ஏன் டீசல் வைக்கவில்லை?

பிடிக்கும். ஃபேர்மைல் டி சுமந்தது 5,000 கேலன் உயர் ஆக்டேன் பெட்ரோல், ஏறக்குறைய 22,700 லிட்டர். அதைச் சுற்றி இருந்தது மரம்: பிளைவுட் சட்டங்கள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரட்டை அடுக்கு மகோகனிப் பலகை. தொட்டியைத் துளைத்த குண்டு ஆவியைப் பற்றவைத்தால் மீள்வது கடினம். வேகப்படகுக்கு ஏற்ற இலகுவான, பலமான டீசல் என்ஜின் ஜெர்மனியிடம் டைம்லர்-பென்ஸ் வடிவில் இருந்தது. பிரிட்டனிடம் இல்லை. அதனால்தான் அமெரிக்காவிலிருந்து பேக்கார்டை வரவழைத்தார்கள்.

ஆனால் மரத்துக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. நோயல் மாக்லின் நடத்திய ஃபேர்மைல் நிறுவனம் பாகங்களைத் தனித்தனியாக அறுத்து, தொகுப்பாகக் கட்டி, நாடெங்கும் இருந்த சிறு படகுப் பட்டறைகளுக்கு அனுப்பியது. மேசை நாற்காலி செய்த பட்டறைகள்கூட பாகம் செய்தன. கப்பல் கட்டும் பெரிய தளங்களுக்கும் எஃகுக்கும் நெருக்கடி இருந்த காலத்தில் 200-க்கும் மேற்பட்ட டி படகுகள் இப்படி வந்தன. திருப்பூரில் ஜாப் வொர்க் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பலம் உடனே புரியும். இதன் அண்ணனான ஃபேர்மைல் பி, 112 அடி, 20 நாட், இந்தியாவிலும் கட்டப்பட்டது. ராயல் இந்தியக் கடற்படை அதை பர்மாவின் அரக்கான் கரையில் ஓட்டியது.

ஆட்டத்தில் முன் துப்பாக்கி ஆட்கள் முதலில் விழுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 1942 மார்ச் 28 அன்று பிரான்ஸின் செயின்ட் நசேர் துறைமுகத் தாக்குதலில் எம்ஜிபி 314 என்ற ஃபேர்மைல் சி பீரங்கிப் படகின் முன் பாம்பாமில் நின்றவர் வில்லியம் சாவேஜ். மறைப்பு இல்லாத மேடையில் நின்று கரைத் துப்பாக்கிகளை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருந்து அங்கேயே உயிரிழந்தார். இறந்தபின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த மேடை எவ்வளவு திறந்தது என்பதை ஆட்டம் சரியாகவே காட்டுகிறது. எதிரியின் இயந்திரத் துப்பாக்கி எட்டும் தூரத்தில், சுமார் 500 மீட்டருக்குள், மூக்கை நேராகக் காட்டி நிற்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் வாசகர்: ஃபேர்மைலை விட்டுட்டு ஸ்டீம் கன் போட்டுக்குப் போகலாம்னு கூட்டாளி சொல்றானுங்க. போலாமா?

எஃகு உடல், 145 அடி, 8,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன், 35 நாட். எழுத்தில் பார்த்தால் எல்லாமே மேல். பெட்ரோல் இல்லாததால் தீ பயமும் குறைவு. நிஜத்தில் அதன் பலவீனம் கொதிகலனும் நீராவிக் குழாய்களும். அங்கே ஒரு சிறு குண்டு பட்டாலே படகு நடுக்கடலில் நின்றுவிடும். பிறகு அந்த அறைகளுக்குக் கவசத் தகடு வைத்தார்கள், எடை ஏறி வேகம் குறைந்தது. கட்டி முடித்தவை 7 மட்டுமே. அதில் ஒன்று 1942-இல் மூழ்கியது, மற்ற ஆறும் பின்னால் கிரே கூஸ், கிரே சீல் என்று கிரே வரிசையில் பெயர் பெற்றன. கிரே கூஸை ஓட்டிய பீட்டர் ஸ்காட்தான் 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைச் சரணாலயம் தொடங்கியவர்.

நீளமான உடல் என்றால் பெரிய இலக்கு. ஃபேர்மைலில் மறைந்து நின்று சுடப் பழகாதவர் இதில் இன்னும் சீக்கிரம் சாவார். பழகியவர் தாராளமாகப் போகலாம்.

கரூர் வாசகர்: எதிரிப் படகுல குண்டு பட்டுட்டே இருக்கு, ஆனா மூழ்க மாட்டேங்குது. ஏன்?

ஒரே இடத்தில் சுடுகிறீர்கள். உடலின் ஒரு பகுதி கருத்துவிட்டால் அங்கே இனி கொல்ல ஆள் இல்லை. எதிரியின் படம் ஓரத்தில் தெரியும்போது எது கருப்பு என்று பார்த்து அடுத்த பகுதிக்கு மாறுங்கள். எஸ்-போட்டில் முதலில் நடுவிலிருந்து பின்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே: என்ஜின் நிற்கும். நின்ற பிறகு குறியை அதன் முன்பக்கத்துக்கு நகர்த்துங்கள். அதன் பிந்தைய வகைகளில் மேல்தளத்து அறைக்குக் கவசம் உண்டு, அதில் ஓர்லிக்கானை வீணாக்க வேண்டாம். மரப் படகுக்கு வெடிகுண்டு வகை, எஃகு உடலுக்குத் துளைக்கும் வகை.

சோமனூர் வாசகர்: முதல்ல எந்த மேம்பாடு எடுக்கறது?

தீயணைப்பும் பழுதுபார்ப்பும். அடுத்தது சுக்கான். டார்பிடோ கடைசியில்.

அவிநாசி வாசகர்: கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைஞ்சுடுது. திரும்ப வந்தா படகு மூழ்கிக் கிடக்கு.

இன்வெர்ட்டரின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மின்சாரம் மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். யூபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள், இடைவெளி வெகுவாகக் குறையும். நெட் வரும் பெட்டியையும் ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், பலர் இதை மறக்கிறார்கள். வோல்டேஜ் அடிக்கடி தாழும் ஊரில் யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அதிகமாக மாறும், அதனால் டிஸ்டில்டு வாட்டர் அளவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் பாருங்கள். இணைப்பு அறுந்தாலும் படகு உயிரோடு இருந்தால் அதே சண்டைக்குள் மறுபடி நுழைய ஆட்டம் வழி கொடுக்கும். மேகம் திரண்டு கரண்ட் போகும் என்று தெரிந்த நேரத்தில் திறந்த கடலில் நிற்க வேண்டாம், கரை மறைவிலேயே இருங்கள்.