குடவோலைப் பானைக்குள் யார் பெயர் இல்லை?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. அவர்களை யோசிக்க வைப்பது எப்படி?

பதில்: எல்லாப் பாடங்களையும் மாற்ற வேண்டாம். பருவத்துக்கு ஒரு பாடம், அதற்கு இரண்டு பாடவேளை போதும். குடவோலை முறையில் தொடங்குங்கள்: பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, அதிலிருந்து எடுத்து ஊர்ச் சபைப் பொறுப்பாளர்களைத் தேர்ந்த முறை அது. ‘அந்தக் காலத்திலேயே மக்களாட்சி’ என்று பெருமையோடு சொல்லிக் கடந்துவிடுகிறோமே, அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 919, மற்றது 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவற்றின் விதிகளை எளிய தமிழில் அரைப் பக்கம் எழுதி, நான்கு பேருக்கு ஒரு தாள் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன். அந்த ஓலையைச் சபையின் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்கிறது விதி. “விரலை ஏன் விரிக்க வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு சொம்பும் துண்டுச் சீட்டுகளும் வைத்துச் செய்து பார்க்கட்டும். கைக்குள் வேறு ஓலையை மறைக்கலாம் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். “அப்படியென்றால் ஏமாற்று நடந்ததா?” நடந்ததால் விதி வந்தது என்பார்கள் சிலர், நடக்காமல் இருக்க முன்கூட்டியே எழுதினார்கள் என்பார்கள் சிலர். கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள்: கல்வெட்டு சொல்வது ஒருபக்கம், நாம் ஊகிப்பது மறுபக்கம். பிள்ளைகள் வாழ்நாளெல்லாம் வைத்திருக்க வேண்டிய கோடு இது.

வயது வரம்பு 919இல் 30 முதல் 60. 921இல் 35 முதல் 70. இரண்டே ஆண்டுகளில் ஏன் மாற்றினார்கள்? இதற்கு விடை எழுதிப் போடாதீர்கள், ஊகங்கள் வரட்டும். இப்படிக் கேட்டபின் ஆண்டுகள் தாமாகவே மனத்தில் தங்கும்.

அடுத்தது நுட்பமான இடம். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். ஓலையில் பெயர் எழுதப்பட, பொதுவாக வரி செலுத்தும் கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். “உங்கள் வீட்டார் பெயர் இருந்திருக்குமா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பேச்சு சாதியில் போய் முடியும். ஏதோ ஒரு பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும். நிலமற்ற உழவர், குயவர், ஒரு பெண், வேதம் கற்ற நாற்பது வயது நிலக்காரர் எனக் கற்பனை ஆட்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, விதிப்படி யார் பெயர் குடத்துக்குள் போகும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். அதோடு, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கிய விதியையும் படிக்கச் செய்யுங்கள். அந்தக் கண்டிப்பை மறைத்து எல்லாமே பொய் என்று சொல்வதும் தவறுதான்.

தேர்வில் ஒரே கேள்வி வையுங்கள்: ‘குடவோலை முறை மக்களாட்சியா? கல்வெட்டிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டுக.’ ஆம் என்றாலும் இல்லை என்றாலும் முழு மதிப்பெண் உண்டு, சான்று இல்லாவிட்டால் குறையும் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.